வீட்டுத் தரகரின் ‘உதவி’ யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை தினசரிகளைப் புரட்டுங்கள். நாட்டு நடப்புக்கு ஒரு பக்கம் என்றால் மனை விற்பனை விளம்பரத்துக்கு மூன்று பக்கம். அந்த விளம்பரங்களுக்கு நடுவே உபதேசம் ஒன்றும் இருக்கும். வீட்டை விற்கப் போகிறவர் தாமே அலைந்து அவதிப்படக் கூடாதாம். கைதேர்ந்த ஏஜெண்டிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட வேண்டுமாம். விலையை அவர் நிர்ணயிப்பாராம். வாங்கும் ஆளை அவர் கொண்டுவருவாராம். பத்திர வேலையையும் அவரே முடிப்பாராம். வீட்டுக்காரர் கையெழுத்தைப் போட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டால் போதுமாம்!

கேட்கத் தேனாய் இனிக்கிறது. ஆனால் ஒரு பங்களாவை விற்று இன்னொரு பங்களா வாங்கப் போகும் சீமானுக்குச் சொல்லப்படும் உபதேசம் இது. இதை ஒன்றரை சென்ட் மனையில் ஓட்டு வீடு கட்டி வாழும் ஆலைத் தொழிலாளியும், போராடிப் பெற்ற குடிமனையில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளியும் நம்பினால் என்ன ஆகும்? அதைத்தான் இங்கே பரிசீலிக்க விரும்புகிறோம்.

“வீடு விற்பது அவரவர் சொந்த விவகாரம். சங்கத்துக்கு அதில் என்ன வேலை?” என்று நமது தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். கூலி உயர்வுக்குப் போராடினால் அது வர்க்கப் போராட்டம். அந்தக் கூலியில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த ஒரே உடைமை அரை விலைக்குப் பறிபோனால் மட்டும் அது சொந்த விவகாரமா? முப்பது வருஷம் கொடி பிடித்துப் பெற்ற பஞ்சப்படியும் போனசும் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறி நிற்பதுதானே தொழிலாளியின் வீடு! ஆலை வாசலில் வென்றதை சார்பதிவாளர் அலுவலக வாசலில் தோற்கலாமா? கூடாது என்கிறோம் நாம்.

நாம் ஏன் விற்கிறோம்?

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்றார்கள் பெரியவர்கள். கல்யாணத்தைப் பண்ணுவதற்குக் கட்டிய வீட்டை விற்றாக வேண்டும் என்ற நிலைக்கு ஏழையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது இந்தச் சமுதாய அமைப்பு. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, மகனின் காலேஜ் கட்டணம், கந்துவட்டிக் கடன் இவற்றுக்காகத்தான் நாம் வீட்டை விற்கிறோம். விலை ஏறட்டும் என்று காத்திருந்து விற்பவன் பணக்காரன். கெடு வந்துவிட்டதே என்று விற்பவன் பாட்டாளி.

இந்த அவசரம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. கோவையிலும், காளையார்கோவிலிலும், கமுதக்குடியிலும் இருந்த தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச்சில் ஊரடங்கோடு நின்றன. ஊரடங்கு நீங்கியது, கடைகள் திறந்தன, சினிமாக் கொட்டகைகள் திறந்தன, ஆலைகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் பழைய ஓட்டத்துக்குத் திரும்பவில்லை. முழுக் கூலி காணாத குடும்பம் எதை விற்றுச் சாப்பிடும்? வேலையை விட்டு நின்ற தொழிலாளிக்கு 30 நாளில் கிராஜுவிட்டி கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. அந்த 30 நாளை 30 மாதமாக இழுத்தடிக்கும் முதலாளிகள்தான் தொழிலாளியின் வீட்டுக்கு முதல் தரகர்கள். அவர்கள் அடித்து வீழ்த்துகிறார்கள். மற்றவர் வந்து பொறுக்குகிறார்கள்.

கிராமத்துக்குப் போவோம். கீழத் தஞ்சையில் பண்ணையார் மண்ணில் குடியிருந்த நாளில், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் குடிசையைப் பிரித்து எறிவார்கள். செங்கொடி இயக்கம் எழுந்த பிறகுதான் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள் நிலப்பிரபுக்கள். அதற்குப் பிறகு, 1971-ல்தான், குடியிருக்கும் விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் குடிமனை சொந்தம் என்ற சட்டம் பிறந்தது. எத்தனை ரத்தம், எத்தனை சிறைவாசம், எத்தனை தாய்மார்களின் கண்ணீர் கலந்த மண் அது!

அந்த மனையின் வாசலில்தான் இன்று மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, “அண்ணே, இடம் கொடுக்கிற யோசனை இருக்கா?” என்று கேட்கிறார் தரகர்.

தரகர் செய்யும் வேலை

நாம் யார்மீதும் வீண்பழி சுமத்த விரும்பவில்லை. தரகர் வேலையே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். வீட்டைப் பார்த்து விலை சொல்லுகிறார். வாங்கக் கூடியவரைத் தேடிப் பிடிக்கிறார். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, வாரிசுச் சான்று எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார். இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேரம் முடிக்கிறார். முன்பணம் கைமாற வைத்து ஒப்பந்தம் எழுத வைக்கிறார். பத்திர எழுத்தரைப் பிடித்து, சார்பதிவாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஆலையில் ஷிப்டு பார்க்கும் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இதற்கெல்லாம் அலைய முடியுமா? முடியாது. ஆகவே இந்த அலைச்சலுக்குக் கூலி உண்டு. உழைப்புக்குக் கூலி கொடுக்கக் கூடாது என்று சொல்ல நாம் யார்? முதலாளிகளா?

ஆனால் தரகர் வாங்குவது அலைச்சலுக்கான கூலி மட்டும்தானா? நாம் கேட்கும் கேள்வி இதுதான்.

இரண்டு சதம் என்னும் கணக்கு

வீட்டு விலையில் 2 சதம் தரகு என்பது பல ஊர்களில் வழக்கம். சில இடங்களில் 1 சதம். பெரும்பாலும் விற்பவரிடமும் வாங்குவார், வாங்குபவரிடமும் வாங்குவார். விற்பவருக்கு விலை ஏற வேண்டும். வாங்குபவருக்கு விலை இறங்க வேண்டும். இருவருக்கும் ஒருவரே ஆள் என்றால் அவர் யாருடைய ஆள்? அப்பத்தைப் பங்கிட்ட குரங்கு எந்தப் பூனையின் கட்சி?

“விலை ஏறினால் தரகருக்கும் கமிஷன் ஏறும். ஆகவே அவர் நல்ல விலைக்குத்தான் பாடுபடுவார்” என்று சமாதானம் சொல்லுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லட்சம் பெறும் வீடு ஒன்று. 2 சதம் தரகு ரூ. 40,000. அதே வீட்டை 19 லட்சத்துக்குத் தள்ளிவிட்டால் தரகு ரூ. 38,000. நமக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் நட்டம். தரகருக்கு நட்டம் வெறும் 2,000. அந்த இரண்டாயிரத்துக்காக அவர் இன்னும் இரண்டு மாதம் ஆள் தேடி அலைவாரா? அல்லது, “இதைவிட நல்ல ஆள் கிடைக்காதுண்ணே, காலம் கெட்டுக் கிடக்கு, முடிச்சுடுங்க” என்று நம் காதில் ஓதிவிட்டு, 38,000-ஐ வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாரா? அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கணக்கே அவரை நமக்கு எதிராகத் தள்ளுகிறது.

இது கம்யூனிஸ்டுகளின் கற்பனை என்று யாராவது சொல்லக் கூடும். முதலாளித்துவ நாட்டுப் பேராசிரியர்களையே சாட்சிக்கு அழைப்போம். தரகர்களின் சொர்க்கபூமியான அமெரிக்காவில், சிகாகோ வட்டாரத்தில் விற்ற சுமார் ஒரு லட்சம் வீடுகளின் கணக்கை இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது என்ன? தரகர் தமது சொந்த வீட்டை விற்கும்போது, ஊரார் வீட்டை விற்பதைவிட ஒன்பது பத்து நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார், விலையும் 3.7 சதம் கூடுதலாகப் பெறுகிறார். ஊரான் வீடு என்றால் “முடிச்சுடுங்க”. தன் வீடு என்றால் “பொறுத்துப் பார்ப்போம்”. இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேறு வேண்டுமா?

அதே நாட்டில், மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் நகரத்தில், வீட்டை விற்ற சாதாரண ஜனங்கள் வழக்குப் போட்டார்கள். தேசியத் தரகர் சங்கமும் பெரிய தரகுக் கம்பெனிகளும் கூட்டுச் சதி செய்து கமிஷனை உயர்த்தி வைத்திருக்கின்றன என்று 2023 அக்டோபரில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. விற்பவர் தம் தரகருக்குக் கொடுப்பது போதாதென்று, வாங்க வந்தவரின் தரகருக்கும் அவரே அழ வேண்டும் என்பது அங்கே நெடுங்காலமாக இருந்த ஏற்பாடு. இரண்டும் சேர்ந்து வீட்டு விலையில் 5, 6 சதம்! தீர்ப்புக்குப் பிறகு 2024 மார்ச்சில் அந்தச் சங்கம் 41 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க இசைந்து சமரசத்துக்கு வந்தது. போட்டி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நமக்குப் பாடம் நடத்தும் மேதாவிகள் இதற்கு என்ன பதில் சொல்லுகிறார்கள்?

ரகசியமே மூலதனம்

நம் ஊருக்குத் திரும்புவோம். ஆலை முதலாளிக்கு இயந்திரம் மூலதனம். கந்துவட்டிக்காரனுக்குப் பணம் மூலதனம். தரகு வியாபாரத்துக்கு எது மூலதனம்? ரகசியம். வீட்டின் உண்மை விலை நமக்குத் தெரியக் கூடாது. வாங்குபவர் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பது தெரியக் கூடாது. நமது பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே நமக்குப் புரியக் கூடாது. நமது அறியாமையும் நமது அவசரமும் சேர்ந்ததுதான் அவர்களுடைய முதல். எரிகிற வீட்டில் பிடுங்கியவரை லாபம் என்பது பழமொழி. எரியாத வீட்டிலும் பிடுங்கும் வித்தை இது.

வித்தைகள் சிலவற்றைச் சொல்லுகிறோம்.

ஒன்று: ஒப்பந்த வித்தை. “உங்க வீடு 16 லட்சம்தான் போகும். நானே எடுத்துக்கறேன்” என்று ஒரு லட்சம் முன்பணம் கொடுத்து, ஆறு மாதக் கெடு வைத்துக் கிரைய ஒப்பந்தம் போடுகிறார்கள். “கிரையம் நான் சொல்லும் பெயருக்குச் செய்து தர வேண்டும்” என்ற ஒரு வரி நடுவில் ஒளிந்திருக்கும். ஆறு மாதத்துக்குள் 20 லட்சம் கொடுக்க வேறொருவர் வருவார். நமக்கு 16, இடையில் நின்றவருக்கு 4. ஆள் கிடைக்கவில்லை என்றால் தகராறு, கோர்ட்டு, வக்கீல் நோட்டீஸ். ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு 20 லட்சம் வீட்டைப் பூட்டிப் போடும் சாமர்த்தியம் இது. தமிழ்நாட்டில் 2012 முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வெள்ளைத்தாளிலும் முத்திரைத்தாளிலும் திண்ணையில் எழுதி முடிப்பது ஏன் என்று கேளுங்கள்.

இரண்டு: பவர் வித்தை. “நீங்க எதுக்கு லீவு போட்டு அலையணும்? எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துடுங்க” என்கிறார்கள். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர், தம் வீட்டை யார் எந்த விலைக்கு வாங்கினார் என்பதை ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ள நேரிடும். பணம் கொடுத்தாயிற்று என்று சேர்த்து எழுதிவிட்டால், அந்தப் பவரை நினைத்த நேரத்தில் ரத்து செய்யவும் முடியாமல் போகும். பவரையும் ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு சொத்து கைமாறிவிட்டதாகச் சொல்வது செல்லாது. பதிவு செய்த கிரையப் பத்திரத்தால்தான் உரிமை மாறும் என்று சுப்ரீம் கோர்ட் 2011-ல் திட்டவட்டமாகத் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. பவர் நம் தெருவில் நடக்கிறது.

மூன்று: ரொக்க வித்தை. இதைத் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். 20 லட்சத்துக்குப் பேசி முடித்த வீட்டுக்குப் பத்திரத்தில் 12 லட்சம் போடலாம், மிச்சம் 8 லட்சம் ரொக்கம் என்கிறார் தரகர். இதில் மிச்சப்படுவது யாருக்கு? முத்திரைத் தீர்வை 5 சதம், மாற்று வரி 2 சதம், பதிவுக் கட்டணம் 2 சதம், ஆக 9 சதம் என்பது 2023 ஏப்ரலில் வந்த விகிதம். அதைக் கொடுப்பவர் வாங்குபவர். 8 லட்சத்தை மறைத்தால் அவருக்கு 72,000 மிச்சம். விற்பவருக்கோ ஆபத்துதான் மிச்சம். வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமானவரிச் சட்டத்தின் விதி. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடமுண்டு. யார்மீது? கொடுத்த பணக்காரர்மீது அல்ல, வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர்மீது!

ரொக்கத்தால் வரும் கேடு அதோடு முடியவில்லை. பத்திரத்தில் 12 என்று பதிந்துவிட்டால், அடுத்த வருஷம் அதே தெருவில் வீடு விற்கும் இன்னொரு தொழிலாளிக்கு அரசாங்கக் கணக்கு என்ன சொல்லும்? “பக்கத்து வீடு 12-க்குத்தானே போச்சு” என்று சொல்லும். நாம் ஒருவர் மறைக்கும் விலை, நம் வர்க்கத்தார் அனைவரின் விலையையும் இறக்குகிறது. ஆகவேதான் இது சொந்த விவகாரம் அல்ல என்கிறோம்.

“நீங்க எந்த ஆளுங்க?”

தரகு வியாபாரத்தின் இன்னொரு முகத்தையும் காட்டியாக வேண்டும். வீடு பார்க்க வருகிறவரிடம் தரகர் கேட்கும் முதல் கேள்வி பணம் இருக்கிறதா என்பதல்ல, “நீங்க எந்த ஆளுங்க?” என்பதுதான். இந்தத் தெரு இன்னாருக்கு, அந்தத் தெரு அன்னாருக்கு; தாழ்த்தப்பட்டவருக்கு இல்லை, முஸ்லிமுக்கு இல்லை என்று வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். ஊர் வேறு, சேரி வேறு என்ற பழைய கொடுமைக்குப் புதிய காவல்காரன் தரகு வியாபாரம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. வேற்று இனத்தாரைக் குடியேற்றி ஒரு வட்டாரத்தின் மதிப்பைக் குறைக்கும் காரியத்தைத் தரகர் செய்யக் கூடாது என்று 1924-ல் அந்நாட்டுத் தேசியத் தரகர் சங்கம் ‘ஒழுக்க விதி’யே எழுதிவைத்தது! வீட்டு விற்பனையில் இனபேதம் கூடாது என்ற சட்டம் அங்கே வர 1968 வரை நீக்ரோ மக்கள் போராட வேண்டியிருந்தது. நம் நாட்டில், வீடு வாங்குவதிலும் குடியேறுவதிலும் தீண்டாமை காட்டுவது 1955-ம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். எந்தத் தரகர் மேல் அந்தச் சட்டம் பாய்ந்தது?

இதில் விற்பவருக்கும் நட்டம் உண்டு. பத்துப் பேர் வாங்கத் தயாராக இருக்கும் வீட்டுக்குச் சாதி பார்த்து ஏழு பேரை விரட்டிவிட்டால், மிச்சம் மூன்று பேர் வைத்ததுதான் விலை. சாதி வெறி நம்முடைய மானத்தை மட்டுமல்ல, மடியையும் சேர்த்துக் கெடுக்கிறது.

தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று 1892 முதல் பிரிட்டிஷ் சர்க்கார் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தின் கதையும் இதுதான். பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனை எழுத்தில் இருந்தது. எழுத்துத் தெரியாத உழைப்பாளியிடம் கைநாட்டு வாங்கும் வித்தை தரகர்களிடமும் மேல்சாதி நிலச்சுவான்தார்களிடமும் இருந்தது. எழுத்து தோற்றது, கைநாட்டு வென்றது. நிபந்தனைப் பட்டா வைத்திருக்கும் தோழர்கள், எவர் என்ன ஆசை காட்டினாலும் முதலில் சங்கத்தில் காட்டுங்கள்.

சட்டம் எங்கே இருக்கிறது?

“ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டதே! ஏஜெண்டுகள் பதிவு செய்ய வேண்டும் என்று இருக்கிறதே!” என்று கேட்கலாம். இருக்கிறது. யாருக்காக? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட அடுக்கு வீடுகளாகவோ போடும் புதுத் திட்டங்களைத்தான் அந்தச் சட்டம் பதிவு செய்யச் சொல்லுகிறது. அப்படிப் பதிவான திட்டத்தில் விற்கும் ஏஜெண்டுதான் அதன் பிடிக்குள் வருகிறார். நாற்பது வருஷப் பழைய ஓட்டு வீட்டை விற்கும் தொழிலாளிக்கு வாய்த்த தரகர் அந்த வலையில் சிக்கவே மாட்டார். அவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. ரசீது தர வேண்டியதில்லை. எவ்வளவு தரகு என்று எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு நாற்காலியும் ஒரு செல்போனும் இருந்தால் கடை திறந்துவிடலாம்.

புது அடுக்குமாடி வாங்கும் மத்தியதர வர்க்கத்துக்காவது ஒரு கதவு திறந்திருக்கிறது. பழைய வீட்டை விற்கும் ஏழைக்கு அந்தக் கதவும் இல்லை.

சிறு தரகரும் பெரிய முதலையும்

இங்கே ஓர் எச்சரிக்கை. டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து வீடு காட்டும் சிறு தரகர் யார்? ஆலை மூடியதால் வேலை இழந்தவர். விசைத்தறி விற்றுப் போனவர். விவசாயம் பொய்த்து ஊரைவிட்டு வந்தவர். பத்து இடம் காட்டினால் ஒன்று முடிகிறது. பெட்ரோல் காசுக்கே திண்டாட்டம். அவரை அடிப்பதால் நமக்கு விடிவு வந்துவிடாது. அவரும் இந்த அமைப்பு துப்பிப் போட்ட மனிதர்தான்.

அவருக்கு மேலே இருக்கும் ஏணியைப் பாருங்கள். ஊர்த் தரகருக்கு மேலே நகரத்துத் தரகர். அவருக்கு மேலே ஒப்பந்தம் போட்டு மடக்கும் பணக்காரர். அவருக்கும் மேலே மனைப்பிரிவு முதலாளி. ஒவ்வொரு படியிலும் நம் வீட்டிலிருந்து ஒரு கல் பெயர்க்கப்படுகிறது. உச்சியில் இருப்பவருக்குப் பாங்கு கடன் கொடுக்கிறது. தினசரிகள் விளம்பரம் போடுகின்றன. ரிங் ரோடு எந்தப் பக்கம் வரப் போகிறது என்ற செய்தி ஜனங்களுக்குத் தெரியும் முன்பே அவர் காதுக்கு எட்டுகிறது.

சென்னை பெரம்பூரில் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. இந்திய நாட்டில் தொழிற்சங்க இயக்கத்துக்கு 1918-ல் அஸ்திவாரம் போட்ட தொழிலாளிகள் உழைத்த ஆலை அது. நூலும் துணியும் பிறந்த அந்த மண்ணில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஆலையை ஓட்டுவதைவிட ஆலை நிலத்தை விற்பது லாபம் என்று முதலாளிகள் கண்டுகொண்ட காலம் இது. ஆலையை மூடினால் நிலம் மிஞ்சுகிறது. ஆலை மூடியதால் தொழிலாளியின் வீடும் விலைக்கு வருகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

என்ன செய்ய வேண்டும்?

வெறும் ஆத்திரம் போதாது. ரகசியம்தான் அவர்கள் மூலதனம் என்றால், ரகசியத்தை உடைப்பதே நமது ஆயுதம். அவசரம்தான் அவர்கள் பலம் என்றால், ஒருவருக்கொருவர் தோள் கொடுத்து அவகாசம் தேடிக்கொள்வதே நமது பலம்.

முதலாவதாக, விற்பதற்கு முன் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். நமது சர்வே எண்ணுக்குரிய வில்லங்க விவரத்தையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத் துறையின் இணையதளத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். பட்டாவையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். நம் வீட்டு வாலிபர்கள் கையிலேயே செல்போன் இருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: வழிகாட்டி மதிப்பு என்பது தீர்வை வாங்குவதற்காக சர்க்கார் வைத்திருக்கும் அளவுகோல். அதற்கு மேல் விற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. “கவர்ன்மெண்ட் ரேட்டே இவ்வளவுதான்” என்று பயமுறுத்தினால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவதாக, தரகு எவ்வளவு, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். கிரையம் பதிவான பிறகுதான் தரகு. தாய்ப்பத்திரத்தை எவர் கையிலும் விடாதீர்கள், நகல் கொடுங்கள். வாங்குபவரை நேரில் பார்க்காமல் விலை முடிக்காதீர்கள். பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பணம் பாங்கு மூலம் வரட்டும். முழு விலையும் பத்திரத்தில் ஏறட்டும்.

மூன்றாவதாக, வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமந்து அந்தச் சுவருக்கு ஊற்றியவள் அவள். விலை பேசும்போது அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவது என்ன நியாயம்? அவள் ஒரு நாள் யோசிக்கட்டும். அந்த ஒரு நாள் அவகாசமே பல வீடுகளைக் காப்பாற்றும்.

நான்காவதாக, சங்கங்கள் முன்வர வேண்டும். ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதில், பத்திரம் படித்துச் சொல்ல ஒரு தோழர் உட்காரட்டும். அந்த வட்டாரத்தில் எந்த வீடு உண்மையில் என்ன விலைக்குப் போயிற்று என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். எட்டணா நோட்டுப் புத்தகம் போன்ற சின்னக் காரியம்தான். ஆனால் தரகு முதலைகளின் மூலதனமான ரகசியம் அந்த நோட்டில் ஒவ்வொரு வரியாகக் கரையும். விற்கவும் வாங்கவும் நம் தொழிலாளிகளே இருக்கும்போது, சங்கத்தின் பலகையில் எழுதிப் போட்டால் தரகே இல்லாமல் முடியும் காரியங்களும் உண்டு.

இவை நாம் செய்ய வேண்டியவை. சர்க்காரை நாம் கேட்பது இவை:

பழைய வீடு விற்கும் தரகர்களையும் பதிவுக்குள் கொண்டு வா! தரகுக்கு உச்சவரம்பு வை! இரு தரப்பிலும் தரகு வாங்குவதைத் தடை செய்! சார்பதிவாளர் அலுவலகம் தோறும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரத்தை வாசித்துச் சொல்லச் சம்பள ஊழியரை நியமி! சாதி மதம் பார்த்து வீடு மறுக்கும் தரகர்மீது வழக்குப் போடு! கிராஜுவிட்டி பாக்கியை வசூலித்துக் கொடு! மூடிய ஆலைகளைத் திற!

கடைசிக் கோரிக்கைதான் எல்லாவற்றுக்கும் வேர். ஆலை ஓடினால், கூலி கிடைத்தால், ஆஸ்பத்திரியும் படிப்பும் இலவசமானால், எந்தத் தொழிலாளி தன் கூரையை விற்கப் போகிறான்? எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டிய வீடு அது. மனிதன் வாழ்வதற்காகவே வீடு. சூதாட்டத்தில் வைக்கும் காய் அல்ல. வீடு சரக்காக இருக்கும் வரை அதன் வாசலில் தரகர் நிற்கத்தான் செய்வார். வீடு உரிமையாகும் சமுதாயத்தில்தான் அவருக்கும் கௌரவமான வேறு வேலை கிடைக்கும்.

அந்தச் சமுதாயம் தரகர் கொண்டுவந்து கொடுக்கும் சரக்கல்ல. அதற்கு இரண்டு சதம் கமிஷன் போதாது. நூறு சதம் ஒற்றுமை வேண்டும்.

ஆலைத் தொழிலாளிகளே! விவசாயத் தொழிலாளிகளே! கையெழுத்துப் போடுமுன் சங்கத்துக்கு வாருங்கள்! ரகசியத்தை உடைப்போம்! போராடிப் பெற்ற மண்ணைப் போராடிக் காப்போம்!